எலிகளின் இரண்டு நாள் பட்டினி

எலிகளுக்கு நான் தீனி போடவில்லை. ஒருவரும் நம்பவில்லை. நம்பாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "ஆயாவுக்கு இளகின மனசு, பாவம்" என்று தலையைத் தடவாத குறையாகச் சொன்னார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடி என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவள் என்று சொல்லிக்கொண்டே குற்றம் சாட்டினால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

சண்டை போட்டிருக்கலாம் என்று எழுதிவிட்டேன், அது பொய். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் எழும்பாது. வேலை முடிந்து வில்லியனூரில் பாகூர் பஸ் ஏறித் திரும்பும்போது, கூட்டத்தில் "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கி, வந்த வழியே திரும்ப நடந்து வீட்டுக்குப் போகிறவள் நான். முழங்கால் வலி வந்த பிறகும் அப்படித்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். படித்தது ஐந்தாவது வரை.

எனக்கு வேலை ஒரு மருத்துவக் கல்லூரியின் அனிமல் ஹவுஸில், ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற கட்டடத்தில். எங்கள் பக்கத்தில் வயலை விற்ற இடத்திலெல்லாம் கல்லூரிதான், அதனால் எது என்று சொல்லத் தேவையில்லை. கூண்டு கழுவ வேண்டும், தண்ணீர் புட்டி நிரப்ப வேண்டும், பழைய உமியைக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்ப வேண்டும். கூண்டு என்றால் பிளாஸ்டிக் தொட்டி. மேலே கம்பி மூடி. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு நெல் உமி. வெள்ளை எலிகள் அதில் படுத்து, அதிலேயே கழித்து, அதையே கிளறிக்கொண்டு கிடக்கும்.

எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். எலி மேல் எனக்கு ஒரு பிரியமும் வந்ததில்லை. அறுப்புக்கு நின்ற கதிரை எலி வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனதைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் பொறி வைத்து, காலையில் பொறியோடு வாளித் தண்ணீரில் முக்குவது நான்தான். மருமகள் அந்தப் பக்கமே வரமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு இளகின மனசாம்.

இந்த வம்பெல்லாம் அந்த ஆராய்ச்சிப் பெண்ணின் எலிகளால் வந்தது. சேலத்துப் பக்கத்துப் பெண். டாக்டர் பட்டத்துக்காக மூன்று வருடமாக இங்கே எலிகளோடு மல்லாடிக்கொண்டிருக்கிறாள். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இவள் கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஒரு நாள் நானே கேட்டேன். எங்கள் மருமகளும் தைராய்டு மாத்திரை போடுகிறாள், வெறும் வயிற்றில்.

"இந்த எலிங்களுக்கும் தைராய்டா?"

"இல்ல ஆயா. கழுத்துல இருக்கற சுரப்பி தைராய்டுச் சுரப்பை, ஹார்மோனை, சுரக்குதுல்ல, அது ரத்தத்துல சுத்துது. வேலை முடிஞ்சா உடம்பு அதைக் கழிச்சு வெளிய தள்ளிடும். கல்லீரலுக்கு அதுல பெரிய பங்கு. பட்டினி கெடந்தா ரத்தத்துல அது கொறையுது. சுரக்கறதைக் கொறைச்சுக்கறதால மட்டுமா, இல்ல கல்லீரல் வேக வேகமாக் கழிக்கறதாலயுமா? அப்படிக் கழிச்சா, கல்லீரல் தானாச் செய்யுதா, மூளை சொல்லிச் செய்யுதா? அதுதான் நான் கேக்கற கேள்வி."

"மூளை தலையில கீது, ஈரல் வயித்துல கீது. அது இதுக்கு எப்புடிச் சொல்லும்?"

கூண்டு கழுவிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போன் போட்டுத்தான்க்கா."

அவர் என்னோடு வேலை செய்கிறவர். ஐம்பது வயது இருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"நரம்பு வழியாச் சொல்லலாம்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதைத்தான் பாக்கறேன்."

பார்க்கிற விதம் இப்படி. பாதி எலிகளுக்குத் தலையில் சிறு துளை போட்டு, மூளையின் அடிப்பக்கத்தில் பசியை அறிகிற ஓர் இடத்தை மட்டும் ஊசியால் செயலிழக்கச் செய்வாள். அந்தக் கூண்டு அட்டையில் சிவப்புப் புள்ளி. மற்றப் பாதிக்கும் அதே துளை, அதே தையல், ஆனால் மூளையைத் தொடமாட்டாள். காயம் ஆறிய பிறகு எல்லாவற்றையும் இரண்டு நாள் பட்டினி போடுவாள், தண்ணீர் மட்டும். பிறகு எல்லா எலிக்கும் ஒரே அளவு தைராய்டுச் சுரப்பை ஊசியில் ஏற்றி, வாலிலிருந்து இடைவெளி விட்டு விட்டுச் சொட்டு ரத்தம் எடுத்து, ஏற்றியது எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறது என்று பார்ப்பாள். மூளை நன்றாக இருக்கிற எலியில் சீக்கிரம் காலியாக வேண்டும். சிவப்புப் புள்ளி எலியில் தங்க வேண்டும், பட்டினி என்பதே அதன் ஈரலுக்குத் தெரியாத மாதிரி. அப்படி வந்தால், சொன்னது மூளைதான்.

முதல் தடவை அப்படியே வந்தது. அந்தப் பெண் எங்கள் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். "இன்னொரு தடவை இதே மாதிரி வந்துட்டா எழுத ஆரம்பிச்சுடுவேன் ஆயா. இல்லேன்னா இந்த ஒரு வருசமும் வீண். எங்க வீட்ல வேற, போதும் வந்துடுன்றாங்க" என்றாள். அந்த இன்னொரு தடவையில்தான் எல்லாம் கெட்டது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருட ஐப்பசி மழையில் ரோடெல்லாம் தண்ணீர். உமி ஏற்றி வரும் லாரி வரவில்லை. இரண்டு நாளைக்குத்தான் உமி இருந்தது. அனிமல் ஹவுஸுக்குப் பொறுப்பான டாக்டர், கால்நடை டாக்டர்தான், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஆயாம்மா, நீங்க பாகூர்ப் பக்கம்தானே? உங்க ஊர்ல உமி கிடைக்காதா?"

கிடைக்காமல் என்ன? எங்கள் தெரு முனையில் சின்ன ரைஸ்மில் இருக்கிறது. வீட்டுக்கு அரைக்கிறவர்கள் அங்கேதான் கொண்டுபோவார்கள். மறுநாளே ஆறு மூட்டை மினி வேனில் வந்து இறங்கியது. டாக்டர் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஆயாம்மா இல்லேன்னா இன்னிக்கு நம்ம கதி என்ன?" என்றார். எனக்குக் கூச்சத்தில் அவர் செருப்பைத்தான் பார்க்க முடிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை. ஒரு வேலைக்கு உதவினோமே என்று.

உமியை அப்படியே கூண்டில் போடக் கூடாது. ஆட்டோகிளேவ் என்கிற பெரிய இரும்புப் பெட்டியில் வைத்து ஆவி ஏற்றி, கிருமி செத்த பிறகுதான் போட வேண்டும். அந்த ஆறு மூட்டையில் முதல் மூட்டையைப் பிரித்து ஏற்றி இறக்கிக் கதவைத் திறந்தபோது, வழக்கமாக வரும் சொத்தை நாற்றம் இல்லை. புட்டு அவித்த வாசனை வந்தது. "அக்கா, பசியைக் கிளப்புற" என்றார் கூட வேலை செய்கிறவர். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அள்ளிப் பரப்பினேன். அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. இப்போது நினைத்தாலும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

இரண்டாம் தடவைப் பட்டினி தை மாதம் நடந்தது. விதி என்னவென்றால், தீனியை எடுக்கிற அன்று பழைய உமியில் தீனித் துணுக்கு சிந்திக் கிடக்கும் என்பதால், எல்லாக் கூண்டிலும் புது உமி மாற்ற வேண்டும். மாற்றினேன். ஒரு கூண்டு விடாமல் மாற்றினேன். தீனி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் எலிகளை எடை போட்டாள். தராசைத் தட்டினாள். இன்னொரு தராசு கொண்டுவந்தாள். இறங்க வேண்டிய எடை இறங்கவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பி முடிவு வந்தபோது, சிவப்புப் புள்ளி எலியும் மற்ற எலியும் ஒன்று போல இருந்தன. எதிலும் சுரப்பு சீக்கிரம் காலியாகவில்லை. ஒரு எலியும் பட்டினி கிடந்த மாதிரியே இல்லை.

அவளுடைய பேராசிரியர் ஒரே வரியில் பதில் எழுதினாராம்: யாரோ தீனி போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்றால் யார்? சாவி இருக்கிறவள். வயதானவள். பெண் பிள்ளை. போதாதா?

"ஆயா, கோவப்பட மாட்டேன். உண்மையைச் சொல்லுங்க. கொஞ்சமாப் போட்டீங்களா?"

"இல்லமா."

"பாவமா இருந்துதா?"

"இல்லமா."

"ஒரே ஒரு கூண்டுக்காவது?"

நான் என்ன செய்வேன், இல்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? எனக்கு இருந்தது ஒரே இல்லைதான். அதையும் தரையைப் பார்த்துச் சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னால் பொய் என்று அர்த்தமாம். நான் பிறந்ததிலிருந்து தரையைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

கூட வேலை செய்கிறவருக்கு அது திருவிழா. "எனக்கு மட்டும் காதுல சொல்லுக்கா. இட்லியா, தோசையா? தொட்டுக்க இன்னா குடுத்த?"

"போப்பா அந்தாண்ட."

"சட்னி வெச்சிருந்தா எலிக்கு வாலு செவந்திருக்குமே. அதான் பாத்துகினு இருக்கேன்."

வெள்ளிக்கிழமை டாக்டர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். டைப் அடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'பட்டினியில் இருந்த எலிகள் மீது இரக்கம் கொண்டு, விதிகளை அறியாமல் உணவளித்துவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது.' கீழே என் பெயரும் கையெழுத்துப் போட ஒரு கோடும்.

"போட்டுடுங்க ஆயாம்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன். ஃபைலை முடிக்கணும் எனக்கு. போடலேன்னா கான்ட்ராக்ட்காரங்க வேற ஆள் அனுப்பிடுவாங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

நான் போடவில்லை சார் என்று வாய் வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. "வூட்ல காட்டிட்டு..." என்று இழுத்தேன். "திங்கக்கிழமை குடுங்க" என்றார்.

வீட்டில் மருமகள் தாளைப் படித்துவிட்டு, "இதுல இன்னா அத்தை தப்பு? சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்றாள்.

"நான் போடலடி."

"நீ போட்டிருப்ப. பக்கத்து வூட்டுக் கன்னுக்குட்டி கத்தினாக்கூட கஞ்சித் தண்ணி எடுத்துகினு ஓடுற ஆளு."

"கன்னுக்குட்டியும் எலியும் ஒண்ணா?"

"சரி, போடல. அவங்களுக்குப் போட்டதா இருந்தா ஆவுது. கையெழுத்தப் போட்டுட்டு வேலையைப் பாரேன். ஒனக்கு இன்னா, பத்திரத்துலயா கையெழுத்துக் கேக்கறாங்க?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். சனி, ஞாயிறு முழுக்க அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

திங்கட்கிழமை போனால், அந்தப் பெண் மிச்சம் இருந்த நாலு எலியை மறுபடி பட்டினி போட்டிருக்கிறாள். சனிக்கிழமை நான் புது உமி பரப்பிவிட்டு வந்த கூண்டுகள்தான். ஞாயிறு தீனியை எடுத்திருக்கிறாள். அறைக்குப் புதுப் பூட்டு. சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது. தண்ணீர் நிரப்ப நான் உள்ளே போனால் அவளும் கூடவே வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் கையையே பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையைப் பார்த்தாள். போலீஸ்காரர் மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புட்டியை அவசரமாகத் திருகியதில் தண்ணீர் சிந்தியது. பார், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்திருப்பாள்.

மூன்றாவது கூண்டில் புட்டியைச் செருகும்போதுதான் பார்த்தேன். எலி பின்னங்காலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் எதையோ பிடித்துக்கொண்டு, கொறித்துக்கொண்டிருந்தது. தீனி எடுத்து ஒரு நாள் ஆன எலி. வாயில் என்ன? நான் குனிந்தேன். அது கையிலிருந்ததை முடித்துவிட்டு, மூக்கால் உமியைத் தள்ளி, கிளறி, இன்னொன்று எடுத்தது. சின்னதாக, வெள்ளையாக. நொய்.



மாடர்ன் ரைஸ்மில்லில் உமி தனியாக வரும், தவிடு தனியாக வரும், நொய் தனியாக வரும். லாரியில் வருவது அந்த உமி. அதில் எலி தின்ன ஒன்றும் இல்லை. எங்கள் தெரு முனை மில்லில் இருப்பது பழைய மிஷின். உமியும் தவிடும் நொய்யும் ஒன்றாகக் கொட்டும். எங்கள் ஊரில் அதை மாட்டுக்கு வைப்பார்கள். எனக்கு அது தெரியும். நேற்று இன்று தெரிந்ததா? நாற்பது வருடமாக மாட்டுக்குக் கலக்கி வைத்தவள் நான். மாட்டுக்கு என்றால் தீனி. கூண்டுக்கு என்றால் படுக்கை. இரண்டும் ஒரே மூட்டைதான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. போதாததற்கு ஆவியில் வேறு அவித்து, ஆறவைத்து, பட்டினி தொடங்குகிற அன்றைக்கே கூண்டு கூண்டாகப் பரிமாறியிருக்கிறேன்.

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலியைப் பார்க்கவில்லை.

ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். ஸ்டோரில் அந்த மூட்டைகளில் இன்னும் இரண்டு இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையில் அந்தத் தாள் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இளகின மனசுக்காரி, வேலையும் இருக்கும். போடாமல் இதைச் சொன்னால், தீனி போட்டது நான்தான் என்று ஆகிவிடும், அதுவும் மூட்டை மூட்டையாக. ஒரு வாரமாக யாரும் நம்பவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது நம்பும்படி இருந்த ஒரே விஷயம் இது. இப்படியும் ஒரு சங்கடம் யாருக்காவது வருமா?

சொல்லாமல் விட்டால்? இந்த இரண்டு மூட்டையும் தீர்கிற வரைக்கும் அந்தப் பெண் பட்டினி போடுவாள், எலி தின்னும், அவள் தராசைத் தட்டுவாள். மூளை ஈரலுக்குச் சொல்கிறதா இல்லையா என்று இந்த ஜென்மத்தில் தெரியாது. அப்புறம் அவள் வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

கண்ணாடிக் குவளை ஒன்றில் தண்ணீர் பிடித்து, ஒரு கைப்பிடி உமியைப் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் பால் மாதிரி ஆனது. உமி மிதந்தது. அடியில் நொய் இறங்கி நின்றது. குவளையை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அந்தப் பெண்ணும் என் பின்னாலேயே வந்துவிட்டாள், நான் எதையோ மறைக்கப் போகிறேன் என்று நினைத்துத்தான்.

குவளையை மேஜையில் வைத்தேன். 

"என்ன ஆயாம்மா இது, கூழா?" என்றார் டாக்டர்.

"உமி சார்."

"உமியை எதுக்குத் தண்ணியில போட்டுக் கொண்டாந்தீங்க?"

"அடியில பாருங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மாட்டு டாக்டர் அல்லவா. ஆனால் குவளையைத் தொடவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

அந்தப் பெண்தான் குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அரிசியா?"

"நொய்யிமா. நான் கொண்டாந்த மூட்டையில. தவிடும் கீது. எலி பொறுக்கித் துன்னுது. இப்பத்தான் பாத்தேன்."

"எப்பலேர்ந்து இந்த உமி போடறீங்க?"

"மழைக்கு லாரி வரலியே, அன்னிலேர்ந்து. லாரி வந்தப்புறமும் மிச்ச மூட்டையை ஒன் கூண்டுங்களுக்குத்தான் போட்டுகினு வந்தேன்."

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.  "பட்டினிக்கு முன்னாடி புது உமி மாத்தணும்னு நான்தானே சொன்னேன்."

"சொன்ன. மாத்தினேன்."

"ஆட்டோகிளேவ்ல வெச்சு..."

"புட்டு மாதிரி வாசனை வந்துச்சு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கத்தினாள்.

"வாசனை வந்துச்சா? வந்துச்சுன்னு இப்பச் சொல்றீங்களா? நாலு மாசம் ஆயா! ஆபரேஷன் பண்ணி, காயம் ஆறவெச்சு, எல்லாம் போச்சு. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"நீ கேட்டியா? ஒரு வாரமா நீ என்னக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, போட்டியா போட்டியான்னு. எலி இன்னா துன்னுதுன்னு எலியைப் பாத்தியா? ஸ்டூல் போட்டு உக்காந்துகினு என் மூஞ்சியையே பாத்த. என் மூஞ்சியிலயா நொய்யி கீது?"

 வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கூட வேலை செய்கிறவர்கூட வாயைத் திறக்கவில்லை. பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சரி. எப்படியோ, எலி சாப்பிட்டுது. பழைய லெட்டர்லயே கையெழுத்துப் போட்டுடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார்" என்றேன். மறுபடி தரையைப் பார்த்துத்தான். ஆனால் சொல்லிவிட்டேன்.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், அவர் பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினேன். நின்றுகொண்டே எழுதினேன், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. 'நான் கையால் தீனி போடவில்லை. லாரி வராததால் சார் கேட்டார். நான் எங்கள் ஊர் மில் உமி கொண்டுவந்தேன். அதில் நொய் இருந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது. அதைப் போடக் கூடாது.' இவ்வளவு எழுதக் கால் மணி நேரம் ஆனது.

டாக்டர் படித்தார். "'சார் கேட்டார்' இது வேணுமா ஆயாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும் சார். நடந்தது அதுதானே" என்றாள். தாளை அவர் கையிலிருந்து வாங்கி ஃபைலில் அவளே கோத்தாள்.

அதோடு சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. மிச்ச மூட்டைகள் மாட்டுக்குப் போயின. பட்டினி எலிகளுக்கு அடியில் கம்பி வலை வாங்க வேண்டும் என்று எழுதிப் போட்டார்கள். இன்னும் எழுதிப் போட்டபடியே இருக்கிறது. சுவரில் புது நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்கள், 'எலிகளுக்கு உணவளிக்காதீர்கள்' என்று. இத்தனைக்குப் பிறகும்! அதை ஒட்டியவரை என்னவென்று சொல்வது?

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். புது எலிகள், துளை, தையல், சிவப்புப் புள்ளி. ஆடி மாதம் முடிவு வந்தது. கழுவும் தொட்டியில் கை வைத்திருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கையிலிருந்த தாளில் இரண்டு கோடு. ஒன்று சட்டென்று இறங்குகிறது. இன்னொன்று தயங்கித் தயங்கி இறங்குகிறது.

"இது மூளை நல்லா இருக்கறது. பட்டினின்னு சொல்லிடுச்சு, உடம்பு கழிச்சுடுச்சு. இது சிவப்புப் புள்ளி. சொல்ல ஆள் இல்ல, அப்படியே வெச்சுட்டு உக்காந்திருக்கு."

"ஈரல்தான் கழிச்சுதா?"

"அது இன்னும் தெரியாது ஆயா. அதுக்கு வேற எலி வேணும்."

தெரியாததை முடித்துவிட்டுப் போவார்களா? இன்னொரு தெரியாததைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கும் கூண்டு கழுவ நான்தான்.

இப்போது ஒரு புதுத் தொல்லை. பட்டினி தொடங்குகிற நாளில், எல்லாக் கூண்டிலும் உமி பரப்பிய பிறகு, அவள் என்னைக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைக்கிறாள். நான் ஊதிப் பார்த்து, விரலால் கிளறிப் பார்த்து, சரி என்ற பிறகுதான் தீனியை எடுப்பாள். அதை அட்டையில் வேறு எழுதிக்கொள்கிறாள். போன தடவை ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்காரும் முன்பே போன். "நீயே பாத்துக்கோயேன்மா, ஒனக்குக் கண்ணு இல்லியா? நொய்யி எது, உமி எதுன்னு இத்தினி நாள்ல தெரியாதா?" என்றேன்.

"தெரியும் ஆயா" என்றாள். "இருந்தாலும் நீங்க வந்து பாருங்க. நீங்க சொல்லாம நான் எடுக்க மாட்டேன்."

புதுப் புடவையோடு, சாப்பிடாமல், கிளம்பிப் போனேன்.